எம்பிபிஎஸ் விட்டுடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு

மருத்துவம் பிடிக்கவில்லை என்று யாராவது வந்து சொன்னால் நான் முதலில் கேட்பது, "எது பிடிக்கல?" என்பதைத்தான். பெரும்பாலும் "எல்லாமேதான்" என்பார்கள். களைத்துப் போனவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதில் தப்பில்லை. ஆனால் மருத்துவப் படிப்பு என்ற ஒரே பெயருக்குள் மனப்பாடம், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு, ஹாஸ்டல் சாப்பாடு, பார்மலின் வாடை, வார்டு, இரவு டூட்டி, மேல்படிப்புப் போட்டி, சொந்தக்காரர்களின் எதிர்பார்ப்பு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ அடங்கியிருக்கின்றன. இதில் எது உங்களைப் படுத்துகிறது என்று தெரியாமல் படிப்பை விட்டால், அதே தொல்லை வேறு கல்லூரியில், வேறு பெயரில் வந்து நிற்கும்.

நான் பாகூர்காரி. ரேஷன் கார்டு புதுச்சேரி. துணி எடுப்பது, ரயில் ஏறுவது, கல்யாணச் சத்திரம் எல்லாம் கடலூர். அப்பாவுக்கு உரக்கடை. 2014இல் பிளஸ் டூ மார்க்கை வைத்து சென்டாக் (புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு) கவுன்சலிங்கில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. அப்போது எங்களுக்கு நீட் கிடையாது. புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவக் கல்லூரியான ஜிப்மர் தனியாக நுழைவுத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தது (2019 வரை இருந்தது). அதையும் எழுதினேன், வரவில்லை. இப்போது பொது சுகாதாரத்தில் வேலை செய்கிறேன். கூடப் படித்தவர்கள் என்னைக் 'கொசு டாக்டர்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் வருத்தமில்லை.

முதல் வருடம் எல்லோரும் பயமுறுத்திய பிணம் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஸ்பாட்டர் தேர்வுதான் உயிரை வாங்கியது. வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு உறுப்பு, அதில் ஒரு குண்டூசி, ஊசியின் தலையில் சின்ன காகிதக் கொடி. கொடி எதைத் தொடுகிறதோ அதன் பெயரை எழுத வேண்டும். நரம்பா, ரத்தக்குழாயா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்கும். அடுத்த மேசைக்கு நகர வேண்டும். பின்னால் வருகிறவனின் மூச்சு கழுத்தில் படும். யோசிக்க நேரம் கொடுத்தால் பதில் சொல்லிவிடுவேன். மணி அடித்தால் தெரிந்ததும் மறந்துபோகும். அப்போது இதை ஒரு குறையாக மட்டும்தான் பார்த்தேன். பின்னால்தான் தெரிந்தது, வேலையைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல குறிப்பு எனக்குக் கிடைத்திருக்காது என்று.

விடலாம் என்ற எண்ணம் இரண்டாம் வருடத்தில் வந்தது. காலையில் வார்டு போஸ்டிங், மதியம் பேத்தாலஜி (நோய்க்குறியியல்), பார்மகாலஜி (மருந்தியல்) வகுப்புகள். தேர்வில் எல்லாம் தேறிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கன்னியக்கோயிலில் பாண்டி பஸ் ஏறும்போது வயிறு பிசையும். ஒரு லீவில் வீட்டில் சொன்னேன். அம்மா அழுதார். "ஊர்ல எல்லாரும் டாக்டரம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்கடி" என்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கடைக்காரர் குரலில் கேட்டார்: "சரி, விட்டுட்டு என்ன படிக்கப்போற? எங்க சீட்டு கிடைக்கும், எவ்ளோ ஃபீஸு, எத்தன வருஷம்? எழுதிட்டு வா, பாத்துட்டுப் பேசலாம்."

அப்போது கோபம் வந்தது. நான் மனசைச் சொல்கிறேன், இவர் கொட்டேஷன் கேட்கிறாரே என்று. ஆனால் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே சில விஷயங்கள் தெரிய வந்தன.

எம்பிபிஎஸ்ஸைப் பாதியில் விட்டால் கையில் வேறு பட்டம் எதுவும் வராது. மூன்று வருடம் முடித்திருந்தாலும் உங்களிடம் இருப்பது பிளஸ் டூ மார்க் ஷீட்தான். அதனால் 'சிவில் சர்வீஸ் எழுதப் போகிறேன், எம்பிபிஎஸ் வேண்டாம்' என்பது கணக்குக்கே ஒத்துவராது. அந்தத் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். விட்டுவிட்டுப் போனால் மறுபடி மூன்று வருடம் இன்னொரு பட்டத்துக்குச் செலவழிக்க வேண்டும். மெடிக்கல் சயின்ஸ் அங்கே ஒரு விருப்பப் பாடமாகவே இருக்கிறது. கலெக்டர் கனவுதான் காரணம் என்றால் படித்து முடித்துவிட்டுப் போவதே லாபம்.

அடுத்தது காலம். மருத்துவக் கவுன்சலிங் இழுத்துக்கொண்டே போய் வகுப்பு தொடங்கும்போது கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்திருக்கும். டிசம்பரில் வெறுத்துப்போய்ப் பெட்டியைக் கட்டினால் அடுத்த ஜூன் வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டியதுதான். சும்மா இருக்கிற பிள்ளையை நம் ஊர் உறவுகள் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே உடல்நிலை சரியாக இருந்தால், அந்த மாதங்களை வகுப்பில் இருந்துகொண்டே யோசிக்கப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு: பாதியில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு, அசல் சான்றிதழ்களை எப்போது தருவார்கள் என்பதெல்லாம் ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. சேர்க்கைக் கையேட்டில் அச்சடித்திருப்பார்கள். சீனியர் சொன்னான், ஆபீஸில் சொன்னார்கள் என்று நம்பாமல் அந்தப் பக்கத்தை நீங்களே படியுங்கள். கல்விக் கடன் வாங்கியிருந்தால் வங்கியிலும் கேட்டுவிடுங்கள். படிப்பு முடியும் வரை தவணை கட்ட வேண்டாம் என்ற சலுகை, படிப்பை விட்டபின் எப்படி மாறும் என்பது கடன் பத்திரத்தில் இருக்கும்.

அப்பாவிடம் கொண்டுபோன நோட்டில் இன்னொரு பக்கமும் இருந்தது. அதை அவரிடம் காட்டவில்லை. எனக்குப் பிடிக்காததையும் பிடித்ததையும் நாள்வாரியாக எழுதியிருந்தேன். 'வார்டு' என்று எழுதாமல், வார்டில் எந்த நேரம், என்ன செய்யும்போது என்று எழுதினேன். படிப்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்கிற ஒரே பயிற்சி இதுதான். சில வாரம் எழுதிப் பார்த்தபோது, எனக்கு ரத்தம் பிரச்சினை இல்லை, படிப்பு பிரச்சினை இல்லை, நோயாளிகளோடு பேசுவது பிடித்தே இருக்கிறது என்று தெரிந்தது. அவசரம்தான் ஆகவில்லை. ஓபியில் ஒருவர் உட்காருவதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்பது, பிரசவ வார்டில் அரை நிமிடத்தில் முடிவு எடுப்பது, இதெல்லாம் வந்த நாட்களில்தான் பக்கம் முழுக்கப் புலம்பல். மணி அடிக்கிற இடமெல்லாம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பிடித்த நாள் என்று எழுதியதில் ஒன்று நல்லவாட்டில் நடந்தது. கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்) போஸ்டிங்கில் வீடு வீடாகப் போய்க் குடும்பக் கணக்கு எடுக்க வேண்டும். என் கூடப் படித்தவர்கள் பலருக்கு அது வெயிலில் அலைகிற தண்டனை. ஒரு மீனவர் வீட்டில் வயதான அம்மாவுக்கு யானைக்கால். அதே மாதிரி ஒரு காலை வார்டில் பார்த்திருக்கிறேன். அங்கே அது ஒரு 'கேஸ்'. அமுக்கினால் குழி விழுகிறதா, எந்த நிலை என்று சொல்லிவிட்டு, "தினமும் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கணும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இந்த அம்மாவுக்கும் யாரோ அதைச் சொல்லியிருந்தார்கள். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். குளிக்கிற இடத்தைக் காட்டினார். தட்டிக்குப் பின்னால் ஒரு கல், பக்கத்தில் ஒரு குடம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, நின்றுகொண்டு குனிந்தால் விரல் இடுக்கு எட்டாது. மருமகள் விடியுமுன் மீன் எடுக்கப் போய்விடுவார். ஒரு முக்காலி இருந்தால் போதும். அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் இப்படி என்று எண்ணிக்கொண்டே போனேன், சாக்கடை எங்கெங்கே தேங்குகிறது என்றும் பார்த்தேன். யானைக்கால் புழுவைப் பரப்புகிற கியூலெக்ஸ் கொசு அந்த மாதிரி அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடும். அன்றைக்குக் கல்லூரி வேனைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. அதுவரைக்கும் நேரம் போனதே தெரியவில்லை.

கோரிமேட்டுப் பக்கம் இந்திரா நகரில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதே அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கொசு, பூச்சி வழி நோய் ஆராய்ச்சி மையம், விசிஆர்சி என்பார்கள். 1975இல் தொடங்கியது. யானைக்கால் புழு ரத்தத்தில் இரவில்தான் மேலே வரும் என்பதால் இரவில் தெருத்தெருவாகப் போய் ரத்தம் எடுத்துப் பார்க்கிற வேலையெல்லாம் அவர்கள் துறையில் உண்டு. அங்கே பொது சுகாதாரப் பூச்சியியலில் எம்எஸ்சி இருக்கிறது. விலங்கியல் போன்ற உயிரியல் பட்டம் முடித்தவர்களே பெரும்பாலும் சேர்கிறார்கள். அதாவது எனக்குப் பிடித்த வேலைக்கு எம்பிபிஎஸ் இல்லாமலும் போகலாம். எம்பிஎச் என்கிற பொது சுகாதார முதுநிலைப் படிப்பும் அப்படித்தான். ஜிப்மரில் இருக்கிறது, சென்னையில் ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தில் இருக்கிறது, டாக்டர் அல்லாதவர்களும் சேர்கிறார்கள்.

அப்படியென்றால் நான் ஏன் விடவில்லை? ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியிருந்தேன், தேர்வுகளில் தேறிக்கொண்டிருந்தேன், எனக்கு ஆகாதது அந்தப் படிப்பின் ஒரு பகுதிதான், அதற்கும் முடிவு தேதி இருந்தது. முதல் வருடத்தின் முதல் மாதங்களிலேயே இது தெரிந்திருந்தால் ஒருவேளை வேறு முடிவு எடுத்திருப்பேன். கடைசியில் மருத்துவமனையில் பயிற்சி எடுக்கிற ஹவுஸ் சர்ஜன் வருடம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அது முடிகிற நேரத்தில், 2020 மார்ச்சில், கொரோனா வந்தது. தொற்று ஏற்பட்டவர்கள் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று போன் போட்டுக் கேட்டு எக்செல்லில் ஏற்றுகிற குழுவில் வேலை. நண்பர்கள் பிபிஇ கிட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு பட்டியலில் ஒரே கல்யாண வீடு திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எம்பிஎச்.

இந்த வேலையில் உள்ள கசப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். நிறைய வேலைகள் ஒப்பந்தத்தில்தான் கிடைக்கும். திட்டத்துக்குப் பணம் நின்றால் வேலையும் நிற்கும். என்னோடு படித்து எம்டி, எம்எஸ் முடித்தவர்கள் சம்பாதிப்பதில் பாதிகூட எனக்கு வராது. பாதி நாள் அறிக்கை எழுதுவதிலேயே போகும்.

என் முதல் ரூம்மேட் கதை வேறு. நெய்வேலிப் பெண். அவளுக்கு மனப்பாடம் ஆகாது, மனிதர்களைத் தொட்டுப் பார்க்கவும் பிடிக்காது. கணக்கு என்றால் சாப்பாடு வேண்டாம். முதல் வருடத் தேர்வுக்கு முன்பே போய்விட்டாள். கட்டிய பணம் போனது, சான்றிதழுக்கு அலைந்தார்கள், ஒரு வருடம் வீணானது என்று அவளுடைய பெரியப்பா இன்றுவரை சொல்வாராம். அவள் புள்ளியியல் படித்தாள். இன்று சென்னையில், புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வுகளின் தரவுகளை அலசுகிறாள். முதல் வருடத்தில் படித்த பிசியாலஜி (உடலியங்கியல்) அங்கே அவ்வப்போது உதவுகிறது என்கிறாள். அவள் விட்டதும் சரி, நான் இருந்ததும் சரி.

மூன்றாவதாக ஒருவன், பண்ருட்டிப் பக்கத்துப் பையன். படிப்பை விட்டுவிட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் கேமராவை அவன் தொட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மெஸ்ஸுக்கு வருவதில்லை, விடிய விடியத் தூக்கமில்லை, குளிப்பதுகூட நின்றுவிட்டது. அவனுடைய அறைக்காரன்தான் வற்புறுத்தி மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான். மருந்து, ஆலோசனை என்று சில மாதம் போனது. தூக்கம் திரும்பிய பிறகு அவனிடம் கேட்டால், படிப்பும் அவ்வளவு மோசமில்லை, கேமராவும் அவ்வளவு ஆசையில்லை என்றான். இப்போது மயக்கவியல் மருத்துவன்.

இவனைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வெளியிட்ட அறிக்கையில், கருத்துக் கணிப்பில் பங்கேற்ற எம்பிபிஎஸ் மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது என்றால், வேலையைப் பற்றிய முடிவைத் தள்ளி வையுங்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். சொந்தக் கல்லூரியில் காட்டக் கூச்சமாக இருந்தால் வேறு மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே யாரிடமாவது வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

இப்போது படிக்கிறவர்களுக்கு ஒரு விதி முக்கியம். 2023இல் வந்த விதிமுறைப்படி முதல் வருடப் பாடங்களைத் தேற அதிகபட்சம் நான்கு வாய்ப்பு. மொத்தப் படிப்பையும் சேர்ந்ததிலிருந்து ஒன்பது வருடத்துக்குள் முடிக்க வேண்டும். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தேர்வுக்குப் போகாமலே இருப்பது ஒரு முடிவு எடுப்பது மாதிரிதான், நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும்.

இன்னும் சேராதவர்கள், நீட் எழுதிவிட்டுக் குழம்புகிறவர்கள் செலவில்லாமல் ஒரு காரியம் செய்யலாம். விடிகாலையில் ஜிப்மர் வாசலுக்குப் போங்கள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வந்து ஓபி சீட்டுக்கு நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். அந்தக் கூட்டத்தின் மறுமுனையில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். உற்சாகம் வருகிறதா, மலைப்பா? இரண்டும் சேர்ந்து வந்தால் பரவாயில்லை, எல்லோருக்கும் அப்படித்தான். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே உங்கள் கண்ணைச் சோதிக்கும்போது டாக்டர் வருவதற்கு முன் எத்தனை பேர் எத்தனை வேலை செய்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆப்டோமெட்ரி, லேப் டெக்னாலஜி, பிசியோதெரபி, நர்சிங் என்று மருத்துவமனையை நடத்துகிற கைகளில் டாக்டர் கை கொஞ்சம்தான். இந்தப் படிப்புகள் சிலவற்றுக்கு 2021இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் சும்மா 'மாற்று வழி' என்று சொல்லி யாரையும் தள்ளிவிட மாட்டேன். தனியார் லேபில் தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்று அங்கே வேலை செய்கிறவரிடமே கேளுங்கள். நர்சுக்கு இரவு டூட்டி டாக்டரைவிடக் குறைவில்லை. ஐடியில் இருக்கிற என் அத்தை மகன் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்கக் கால் முடித்துவிட்டுச் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுவான். ஹவுஸ் சர்ஜன் நாட்கள்தான் ஞாபகம் வந்தன.

அப்படிக் கேட்கும்போது 'வேலை எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள், 'நல்லா இருக்கு' என்பார்கள். நேற்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அந்த நேற்று உங்களுக்குச் சகிக்குமா என்று பாருங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை வந்து சொல்லும்போது 'இந்த ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிக்கோ' என்று சொல்வதில் பயனில்லை. அடுத்த வருடமும் அதையேதான் சொல்வீர்கள். 'உன் இஷ்டம்' என்று கையைக் கழுவுவதும் உதவாது. எங்கள் அப்பா மாதிரி செலவுக் கணக்குக் கேளுங்கள். கணக்குப் போட்டுப் பேசும்போது அழுகை குறைகிறது. முடிவை இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கவும் முடிகிறது.

என் அம்மாவுக்கு இன்னும் முழுசாகச் சமாதானம் இல்லை. கடலூரில் கல்யாண வீடுகளில் சித்தி, பெரியம்மா யாராவது கேட்டால் "கவர்மெண்ட்ல டாக்டரா இருக்கா" என்று முடித்துக்கொள்வார். கொசு, சாக்கடை, எக்செல் எதுவும் பேச்சில் வராது. வீட்டுக்கு முன்னால் கிளினிக் வைக்க என்று ஒரு அறை கட்டி ஷட்டரும் போட்டு வைத்திருந்தார்கள். போன வருடம் அப்பா அதைச் செல்போன் ரிப்பேர் கடைக்கு விட்டுவிட்டார். வாடகை அம்மா கணக்கில் ஏறுகிறது. அதனால் இப்போதைக்குச் சண்டை இல்லை.